பூனை உடைத்த கண்ணாடி

அன்புள்ள அக்காவுக்கு, இதை எழுதுவது சின்னவள். ஆனால் கடிதம் அம்மாவுடையது. அம்மாவின் இரண்டு கைகளும் தையல் இயந்திரத்தில் இருப்பதால், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததையும் சொன்னதையும் ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். எங்கள் தமிழ் ஆசிரியை, பிறர் சொல்லி எழுதும்போது நம் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் தனியாகத் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதனால் அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், வெளியே இருப்பதெல்லாம் அம்மா. அம்மா பேச்சுவழக்கில் சொல்வதை எழுத்துநடைக்கு மாற்றுகிறேன், பொருளை மாற்றவில்லை. கடிதத்தின் தலையில் சிலுவை போடு என்றாள், போட்டுவிட்டேன்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லோருடைய உடம்பும் ஆண்டவர் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறது, உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும், உடம்பைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன், மனசு எப்படி இருக்கிறது என்பது உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் எட்டு மாதமாக எழுதியதற்குப் பதில் இல்லை, இப்போது காரியம் ஆக வேண்டியிருப்பதால் நான்கு பக்கம் வந்திருக்கிறது. உன்னைக் கட்டாயப்படுத்தித்தான் கல்யாணம் செய்துவைத்தோம், உனக்குச் சம்மதம் இல்லை என்று பெற்றவர்களில் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், அது மாதக் கடைசிக்குள், கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்கிற திருச்சபை நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் உன் கோப்பை மூடிவிடுவார்கள், மூடிவிட்டால் சாகும்வரை நீ மாப்பிள்ளையின் மனைவிதான், வேறு யாரையும் கோயிலில் கட்ட முடியாது. இவ்வளவுதானே நீ கேட்டது. இரண்டு தடவை படித்துவிட்டேன். தரமாட்டேன். அப்பாவைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதே, அவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு வந்த மடிப்பிலேயே மடித்து என் கத்தரிக்கோலுக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இனி நல்ல செய்தி. நம் கூடத்தில் இருக்கிறதே, மாதாவின் அப்பா அம்மா படம், அது கோயிலுக்குப் போகிறது. பக்கச் சுவரில் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு மேலே மாட்டப்போகிறார்கள், கீழே பித்தளைத் தகடு, அதில் எங்கள் இருவர் பெயரும், இணைபிரியாத முப்பது ஆண்டு இல்லறத்தின் நன்றியாக என்று ஒரு வரியும். தம்பதியர் சங்கத்தில் இந்த யோசனையைச் சொன்னதே மாப்பிள்ளைதான். சங்கத்துக்கு இன்னும் அவர்தான் செயலாளர், மனைவி வெளிநாட்டில் வேலையாக இருக்கிறாள், ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவாள் என்று மூன்று வருடமாக முகம் கோணாமல் எல்லோருக்கும் பதில் சொல்கிறார். நாளைக்குக் காலையில் தன் காரில் வந்து படத்தை அவரே தூக்கிக்கொண்டு போகிறார். நான் இப்போது தைத்துக்கொண்டிருப்பது அந்தப் படத்தைத் திறந்துவைக்கிற நீலத் திரை, கயிற்றை இழுத்தால் இரண்டு பக்கமும் விலக வேண்டும், வளையம் சரியாக உட்காரவில்லை. இந்த நேரத்தில் நான் உட்கார்ந்து என் பெண்ணின் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று எழுதித் தந்தால் ஃபாதர் அந்தத் தகட்டை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று நீயே சொல். முப்பது வருடம் நான் இந்த மனுஷரோடு வாழ்ந்ததற்கு எனக்குக் கிடைக்கிற ஒரே சான்றிதழ் அது.

(அக்கா, அம்மா நூல் கோக்கிறாள், அதற்குள் காலையில் நடந்ததை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வருவதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஃப்ரேம் கடைக்காரர் படத்தைச் சுத்தம் செய்து புதுச் சட்டம் போட வந்தார். கூடத்து மேசையில் பழைய போர்வையை விரித்துப் படத்தைக் குப்புறக் கவிழ்த்தார். குறடால் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக இழுத்து வாயில் வைத்துக்கொண்டார், அப்படியே பேசவும் செய்தார். படத்தை நிமிர்த்தியதும் அதைப் பார்த்துச் சிரித்தார். உனக்கு நினைவிருக்கும், நகரத்து வாசலில் அந்தக் கிழவரும் கிழவியும் சந்தித்துக்கொள்கிறார்கள். வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, பிள்ளை பிறக்கப்போகிறது என்று தனித்தனியாகச் செய்தி கேட்டு ஓடி வந்திருக்கிறார்கள். நெற்றியும் நெற்றியும் ஒட்டியிருக்கிறது. அவருடைய கை அவளுடைய முழங்கைக்குக் கீழே இருக்கிறது, பிடிக்கவில்லை, தாங்கிக்கொண்டிருக்கிறது. காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி. கடைக்காரர், "இந்த வயசுலயும் எப்படி நிக்கிறாங்க பாருங்க, என் வீட்டுல நான் வாசலுக்கு வந்தா அவ பின்கட்டுக்குப் போயிடுவா" என்றார். அம்மாகூடச் சிரித்தாள்.

பிறகு கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது படத்தோடு வந்த கண்ணாடி இல்லையே, நான் மாற்றியது ஆயிற்றே, விளிம்பு தேய்த்திருப்பது என் கை என்றார். எந்த வருடம் என்று யோசித்தார். உங்கள் பெரிய பெண் கல்யாணத்துக்கு முந்தின வாரம், அவசரம் அவசரம் என்று நிற்க வைத்து வாங்கிக்கொண்டு போனீர்களே, பூனை தள்ளிவிட்டது என்றீர்களே என்றார். நான் உடனே, நம் வீட்டில் எப்போது பூனை இருந்தது என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், எனக்குப் பூனை பிடிக்கும். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை என்றாள். பக்கத்து வீட்டில் வக்கீல் குமாஸ்தா இருக்கிறார், அவருக்குப் பூனை முடி ஆகாது, மூச்சு வாங்கும். அதையும் சொன்னேன். "குட்டி வாத்தியார் விடமாட்டா போலிருக்கே" என்றார் கடைக்காரர். அப்புறம் படத்தின் கீழ் ஓரத்தில், ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு இருந்த பழுப்புக் கறையைத் தொட்டுக் காட்டி, இதை அப்போதே துடைத்துப் பார்த்தேன், ஈரம் பட்ட கறை என்றால் ஓரம் வளையமாக இருக்கும், இது அப்படி இல்லை, பூனைக்கு அடிபட்டதோ என்னவோ என்றார். சிரிப்புக்காகத்தான் சொன்னார், ஆனால் சொல்லி முடித்ததும் அவரே அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆணிகளை வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டார்.

கறை போகாது என்றார். படத்தைச் சுற்றி வைக்கிற மௌன்ட் அட்டையை அகலமாக வெட்டி மேலே வைத்தால் மறைந்துவிடும், ஆனால் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து மறைந்துவிடும் என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. ஆட்டுக்குட்டி போனால் போகட்டும், அவர்கள் இருவரும் தெரிந்தால் போதும் என்றாள். அவர் வெட்டினார். இப்போது படத்தில் ஆட்டுக்குட்டி இல்லை. அவர் போனபிறகு அம்மா தண்ணீர் குடித்துவிட்டு இயந்திரத்தில் வந்து உட்கார்ந்து என்னை நோட்டு எடுக்கச் சொன்னாள். இனி அம்மா.)

கட்டாயம், கட்டாயம் என்று நான்கு பக்கத்தில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய், கட்டாயம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா. கையையும் காலையும் கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் கட்டாயம். உன்னை யார் கட்டினார்கள். நீயாகவே நடந்துதான் பீடத்துக்குப் போனாய், கோயில் முழுக்கப் பார்த்தது. அதற்கு முன்னால் வீட்டுக்குள் நடந்தது ஒரு தாய் தன் பிள்ளையைத் திருத்தியது. இரண்டு நாள் சாப்பாடு போடவில்லை, உண்மைதான், ஆனால் கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன்.

(இங்கே அம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிடு, வேறு யாராவது படித்தால் நன்றாக இருக்காது என்றாள். அடித்துவிட்டேன். உனக்குத் தெரியும், அப்பா பத்திரம் எழுதுகிறவர், அவருக்கு விடுமுறையில் நகல் எழுதிக் கொடுத்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது, ஒரே கோடாகத்தான் அடிக்க வேண்டும், கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், எழுதிக்கொடுப்பவர், அதாவது சொல்லி எழுதவைப்பவர், அடித்தலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் அடித்தது அவர் என்று ஆகும். ஓரத்தில் கையெழுத்துப் போடும்மா என்று நோட்டை நீட்டினேன். முப்பது வருடமாக அப்பாவோடு இருப்பவள் அல்லவா, உதட்டில் ஊசியை வைத்துக்கொண்டு பார்க்காமலே போட்டாள். அடித்தால் போயிற்று என்றாள்.)

படத்தை நான்தான் சுவரிலிருந்து இறக்கி உன் அறைக்குள் நாற்காலியில் வைத்தேன், நீ முழந்தாள் போட்டால் நேருக்கு நேர் இருக்க வேண்டும் என்று. அதில் என்ன தப்பு, புனிதமான தம்பதிக்கு முன்னால் கல்யாணப்பெண் செபம் செய்யாமல் யார் செய்வார்கள். அவர்கள் அத்தனை வருடம் ஊரார் ஏச்சைப் பொறுத்துக்கொண்டு பிரியாமல் இருந்தார்கள், உனக்கு ஒரு மனிதரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வேண்டாம் என்று வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுந்திருக்கலாம் என்று சொன்னேனா இல்லையா. ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு இரண்டு நாள் ஆயிற்று, அந்த இரண்டு நாளும் எனக்கும்தான் தூக்கம் இல்லை, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்கு வெளியே பாயில் படுத்திருந்தேன், அதை யார் கேட்கிறார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் உள்ளே வந்து பார்த்தால் நீ படத்தைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் திமிரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவங்களைப் பார் என்று பின்னந்தலையைப் பிடித்துத் தள்ளினேன், கண்ணாடி இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று நான் கண்டேனா.

(‘பின்னந்தலை’ என்று வரும் வரியை முழுக்க அடிக்கச் சொன்னாள். ஒரே கோடு. ஓரத்தில் கையெழுத்து.)

ஆனால் இதை எழுது, இதை யாரும் எழுதமாட்டார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவள் நான்தான், அப்பா அலுவலகத்தில் இருந்தார். மூன்று தையல் போட்டார்கள். முடிகிறவரைக்கும் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போதுதான் நீ சரி என்றாய், நானாகக் கேட்கவில்லை, நீயாகத்தான் சொன்னாய். கல்யாணத்தன்று தழும்பு தெரியாமல் இருக்க முடியை நெற்றிக்கு இழுத்து ஒரு பக்கமாக வாரிவிட்டேன், அரை மணி நேரம் ஆயிற்று. ஃபோட்டோவில் நீ எவ்வளவு லட்சணமாக இருக்கிறாய், இப்போதும் வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

(அக்கா, எனக்கு அப்போது எட்டு வயது. அந்த இரண்டு நாளும் என்னை அடுத்த தெரு டீச்சரம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். கல்யாண வேலை அதிகம் என்று சொன்னார்கள். அங்கே அலமாரி நிறையக் கதைப் புத்தகம். ஐந்து புத்தகம் படித்து முடித்தேன், கூட்டிப்போக வந்தபோது வரமாட்டேன் என்று அழுதேன். மிகவும் சந்தோஷமாக இருந்தேன், உண்மையாக எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். உன் கல்யாண ஃபோட்டோவைப் பார்த்துப் பார்த்து, அதுதான் நாகரிகம் என்று நினைத்து, ஆறாம் வகுப்பு முழுவதும் நானும் முடியை அப்படித்தான் வாரிக்கொண்டேன். அம்மா தினமும் பார்த்தாள். ஒன்றும் சொன்னதில்லை.

இந்த வரியெல்லாம் கோணலாகப் போகிறது. அம்மா, கோடு போட்ட தாளிலேயே கோணலா என்று கேட்டாள்.)

இன்னொன்றும் எழுதியிருக்கிறாய், ஃபாதரிடம் உண்மையைச் சொல்ல உனக்கு வாய்ப்பே தரவில்லை என்று. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து உனக்கு மனச்சம்மதமா என்று கேட்பது அவர்கள் வழக்கம், அவர் கேட்கத்தானே வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தது தப்பா. பெண்ணுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது, நான் சொல்கிறேன் ஃபாதர் என்றேன், மூன்று கேள்விக்கும் சம்மதம் சம்மதம் சம்மதம் என்று நான்தான் சொன்னேன், நீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாய், அவர் எழுதிக்கொண்டு போனார்.

(இதையும் அடிக்கச் சொன்னாள். முதலில் இருக்கட்டும் என்றாள், மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘காய்ச்சல்’ முதல் கடைசிவரை அடி என்றாள். கோடு போட்டேன். அதற்குள் நூல் அறுந்துவிட்டது, கோபத்தோடு கையெழுத்துப் போட்டாள், தாள் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. இதுவரை அடித்தல் மூன்று.)

மாப்பிள்ளையைப் பற்றி நீ எழுதியிருப்பதை நான் மறுபடி எழுதப்போவதில்லை. கோபக்காரர், ஒத்துக்கொள்கிறேன். மாடியிலிருந்து உன் பெட்டியைத் தூக்கி எறிந்தார், உன்னையா எறிந்தார். இப்போது நீ அங்கே ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாய், நல்லவர், குரலை உயர்த்தமாட்டார், தினமும் வேலை முடிகிற நேரத்துக்கு உன்னைக் கூட்டிப்போக வந்து நிற்பார் என்கிறாய். பஸ் ஓட்டுகிறவன் நிற்கத்தான் செய்வான், நிறுத்தத்தில் நிற்கத்தானே அவனுக்குச் சம்பளம். நிற்கிற ஆணை நம்பாதே, மகளே, உன் அப்பாவும் நிற்கிறவர்தான், முப்பது வருடமாக நின்றுகொண்டே இருக்கிறார், ஒரு காரியத்துக்கும் ஓர் அடி எடுத்துவைத்தது கிடையாது. நீ அழுதபோதும் அந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்றார், செருப்பை மாட்டினார், அலுவலகம் போனார். உனக்கு வயது முப்பது ஆகப்போகிறது. தனியாக இருந்து பழகிக்கொள். மருத்துவமனைத் துணிதுவைக்கிற இடத்தில் சோடாப் பொடி கையை அரிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய், எண்ணெய் தடவிக்கொள், ரப்பர் கையுறையைத் திருப்பிப்போட்டுக் காயவை, ஈரத்தோடு மாட்டாதே. குளிரில் காதைக் கட்டிக்கொள்ளாமல் போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுவலி. படிக்கட்டில் அவசரமாக இறங்காதே. சின்னவள் நன்றாகப் படிக்கிறாள், எல்லாவற்றிலும் முதல், வாய்தான் அதிகம். இவளுக்கும் இதே படம்தான், கோயிலுக்குப் போனால் என்ன, அங்கே கூட்டிப்போய் முழந்தாள் போடவைக்கத் தெரியாதா எனக்கு.

(இதைச் சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இதை அடிக்கவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், சும்மா சொன்னதுதானே என்றாள்.)

நாளைக்குத் திரை திறக்கும்போது உனக்காகவும் வேண்டிக்கொள்வேன். மாதாவைப் பெற்ற அந்தப் புண்ணியவதியும் அவளுடைய கணவரும் உன் பிடிவாதத்தை உடைத்து உன்னை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன்னை நான் சபிக்கவில்லை, பெற்ற வாய் சபிக்காது. படுக்கப் போகும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ள மறக்காதே. மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் அடுத்த மாதம், ஓர் அட்டையாவது அனுப்பு. என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கையெழுத்துத்தான் கிடையாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா.

(இதோடு அம்மா முடித்துவிட்டாள். பிறகு நடந்ததைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முதலிலிருந்து வாசித்துக் காட்டு என்றாள். எழுதிக்கொடுத்தவருக்குப் படித்துக் காட்டாமல் எந்தப் பத்திரமும் முடியாது என்று அப்பா சொல்வார், அதனால் நானே கேட்பதாக இருந்தேன். என்னுடைய அடைப்புக்குறிகளை விட்டுவிட்டு அம்மாவுடையதை எல்லாம் வாசித்தேன், அடித்ததையும் சேர்த்து. அடித்ததை ஏன் வாசிக்கிறாய் என்றாள். அப்பா அப்படித்தான் செய்வார் என்றேன். அவர் செய்கிற வேலையில் அது ஒன்றுதான் குறை என்று சொல்லிவிட்டு வளையங்களைத் தைக்கத் தொடங்கினாள். நான் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன், தையல் போட்ட இடம்வரை வந்தேன். அம்மா இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். தாளைக் கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"மூணு இல்ல, நாலு. நாலு தையல். எழுதினா சரியா எழுது" என்றாள்.

மூன்று என்பதை ஒரு கோட்டால் அடித்து மேலே நான்கு என்று எழுதினேன். நோட்டை நீட்டினேன். அதற்கும் கையெழுத்துப் போட்டாள். மீதியை வாசித்து முடித்தேன். சரியாக இருக்கிறது என்றாள், திரையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

அப்பா நான்கரைக்கு வந்தார். அம்மா, பூசைக்கு நேரமாகிறது, இதை உறையில் போட்டு விலாசம் எழுதி ஒட்டுங்கள் என்றாள். அப்பா எந்தத் தாளையும் படிக்காமல் மடிக்கமாட்டார். நின்றபடியே படித்தார், ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார், இன்னொன்றைக் கழற்றவில்லை. என்னுடைய அடைப்புக்குறிகளையும் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்து, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். அம்மா கண்ணாடிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பா பத்திர அலுவலகத்தில் பேசுகிற குரலில், ஓரத்தில் இருக்கும் கையெழுத்தெல்லாம் நீ போட்டதா என்று கேட்டார். நான் போடாமல் வேறு யார் போடுவார்கள் என்றாள் அம்மா. "முழுசாப் படிச்சுக் காட்டினாளா?" என்றார். "காட்டினா, காட்டினா. ஒட்டுங்க சீக்கிரம்" என்றாள். கடைசிக் கையெழுத்து இல்லையே என்று சொல்லி, தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா சீப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தாளைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வைத்து முழுப் பெயரையும் எழுதினாள்.

அப்பா அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவின் பெயருக்குக் கீழே தன்னுடைய குண்டு எழுத்தில் எழுதினார். இடம் குறைவாக இருந்ததால் நெருக்கி எழுதியிருக்கிறார், உனக்குப் படிக்கத் தெரியாவிட்டால் இதுதான்: "அடித்தல் மூன்று, திருத்தல் ஒன்று. எழுதிக்கொடுத்தவருக்குப் படித்துக் காட்டப்பட்டது. சரி என்று ஒப்புக்கொண்டு என் முன்னிலையில் கையெழுத்திட்டார்." அதற்குக் கீழே சாட்சி என்று போட்டுத் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டார். எழுதியவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவர் உன் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை, என் முகத்துக்கும் சொல்லவில்லை, கீழே பார்த்துக்கொண்டு, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டால் ஆறு நாள், மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பிறகுதான் இரண்டாவது செருப்பைப் பார்த்தார். அதைக் கழற்றாமல், கழற்றியதையும் மாட்டிக்கொண்டார்.

எதற்கு இவ்வளவு நேரம், கடிதத்தை ஒட்டச் சொன்னேனா, எழுதச் சொன்னேனா என்று அம்மா அங்கிருந்தே கேட்டாள். அப்பா, வழக்கமாகப் போடுவதுதான் என்றார். உறையை இன்னும் ஒட்டவில்லை, இந்தப் பக்கம் முடியட்டும் என்று எனக்காகக் காத்திருக்கிறார், பசை டப்பா அவர் கையில் இருக்கிறது. அக்கா, அம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை, எதையும் மாற்றியும் எழுதவில்லை. அவள் சொன்னதுதான் எல்லாம். இனி அவள் என்ன சொல்வாள், எப்போது அவளுக்குத் தெரியும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் அதைத்தான் யோசிக்கிறார் போலிருக்கிறது, பசையைத் தொட்ட விரலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

அம்மா திரையை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். படத்துக்குப் போய், கண்ணாடியில் அந்தக் கிழவியின் நெற்றி இருக்கும் இடத்தில் முத்தம் கொடுத்தாள், கைக்குட்டையால் துடைத்தாள். கிளம்புங்கள் என்றாள். சன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருப்பதால் இந்த வரியை எழுத முடிகிறது. கூடத்து விளக்கையும் படத்துக்கு மேலே எரிந்த சின்ன விளக்கையும் அம்மா அணைத்துவிட்டாள்.)